ஜனவரியில் ஓடிய டிராக்டர்

11 பிப்ரவரி 2018

மதிப்புக்குரிய டாக்டர் டோர்மேலன் அவர்களுக்கு,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். தொழிலாளர் நீதிமன்றத்தில் நான் கையெழுத்திட்ட சமரச ஒப்பந்தத்தின் நான்காம் பத்தி, வானம்பாடி என்ற கணினி நிரலைப் பற்றி நான் யாரிடமும் பேசக் கூடாது என்கிறது. அதற்கு அந்தப் பெயரை வைத்தவன் நான் என்றுகூடச் சொல்லக் கூடாது. ஒரு விமானம் எந்தெந்த இடத்தில் இரைச்சலை உண்டாக்குகிறது, அது காற்றிலும் தரையிலும் எப்படிப் பயணப்பட்டு எந்த வீட்டுச் சன்னலை எவ்வளவு பலமாகத் தட்டுகிறது என்று கணக்கிடும் நிரலுக்காகப் பதினான்கு ஆண்டு உழைத்தவன், தன் சன்னலுக்கு வெளியே கேட்பதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. திறக்கவில்லை. இனி முடியாது.

உங்கள் வீட்டு முகவரிக்கு எழுதுவதை மன்னிக்கவும். அலுவலகத்துக்கு எழுதினால் நிறுவனத் தலைவர் பேராசிரியர் சீவெர்ட்டின் செயலாளர்தான் முதலில் பிரிப்பார்.

சென்ற வாரம் பக்கத்துப் பண்ணைக்காரர் ஹின்னெர்க், கதவைத் தட்டாமலே என் சமையலறைக்குள் வந்து மேசைமேல் ஒரு கடிதத்தைப் போட்டார். கீழே உங்கள் கையெழுத்து.

"டாக்டரே, உங்க பழைய ஆபீஸ்ல எனக்குக் காதல் கடிதம் போட்டிருக்காங்க. படிச்சுப் பாருங்க."

அவருடைய மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில்தான் உங்கள் அளவீட்டுக் கம்பம் நிற்கிறது, உச்சியில் ஒலிவாங்கியோடு. அக்டோபரிலிருந்து அவருடைய டிராக்டர் சத்தம் விமானப் பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கெடுத்துவருவதாகவும், சனிக்கிழமை காலைகளில் வண்டியைக் கம்பத்தருகே ஓட்டாமல் ஒத்துழைக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள்.

"என் டிராக்டர் இலையுதிர்காலத்துலேருந்து பட்டறையில கெடக்கு," என்றார் ஹின்னெர்க். "கியர்பாக்ஸைப் பிரிச்சுப் போட்டுட்டு மெக்கானிக் ஸ்பெயினுக்குப் போயிட்டான். ஜனவரியில தரை கல்லு மாதிரி உறைஞ்சு கெடந்துச்சு. நான் எதை உழுதேனாம், பனியையா?"

"வேற யாராவது ஓட்டியிருப்பாங்களோ?"

"என் பொண்டாட்டி சூனியக்காரி மாதிரி தொடப்பத்து மேல ஏறிப் போவா. அதுல எஞ்சின் கெடையாது."

அவர் போன பிறகு நான் வெகுநேரம் அந்தக் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கணித்த இரைச்சலுக்கும் கம்பம் கேட்ட இரைச்சலுக்கும் வித்தியாசம் வரம்பைத் தாண்டினால், வானம்பாடி அந்தப் பதிவை அந்நிய இரைச்சல் என்று ஒதுக்கிவிடும். நாய், தேவாலய மணி, டிராக்டர். கணக்கு தவறாக இருக்கலாம் என்று உங்களில் யாருக்கும் தோன்றாது. உலகம்தான் தவறு செய்திருக்கும்.

டிராக்டர் ஓடவில்லை என்றால், நீங்கள் ஒதுக்கியது எதை? எனக்குத் தெரியும். ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் என் ஆப்பிள் மரத்துக்கு மேலே அதே ஒரு விமானம் ஏறிப்போகிறது. அதன் எஞ்சினின் ரம்பம், மரம் அறுப்பது போன்ற அந்தக் கரகரப்பு, கோணலாக இருக்கிறது. வானம்பாடியிலிருந்து ரம்பத்தைக் கணக்கிடும் பகுதியை, என் பகுதியை, சீவெர்ட் வெட்டி எறிந்துவிட்டதால் உங்கள் நிரலுக்கு அப்படி ஒரு சத்தம் உலகத்தில் இருக்கிறது என்பதே தெரியாது. கேட்டால் டிராக்டர் என்கிறது.

ஒதுக்கிய பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

தங்கள்,
டாக்டர் ஹார்ட்முட் வீப்கிங்
வானம்பாடி நிரலின் ஆசிரியர்


19 பிப்ரவரி 2018

மதிப்புக்குரிய டாக்டர் வீப்கிங்,

உங்கள் கடிதம் வந்ததை நான் நிறுவனத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்கவில்லை. இந்தச் சலுகை ஒரு முறைதான்.

வாயை மூடிக்கொண்டு இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். விமான நிலையத்துக்கு, மாவட்ட நிர்வாகத்துக்கு, போக்குவரத்து அமைச்சகத்துக்கு, நாளிதழ்களின் வாசகர் பக்கத்துக்கு என்று நீங்கள் எழுதியவற்றின் நகல்கள் எல்லாம் கடைசியில் என் மேசைக்குத்தான் வருகின்றன. நான்காம் பத்தி நிரலைப் பற்றித்தான் சொல்கிறது, இரைச்சலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று அடிக்குறிப்பு வேறு. எங்கள் இளம் ஆட்கள் யாராவது நீளமாகக் குறைசொல்ல ஆரம்பித்தால் மற்றவர்கள், "போதும், வீப்கிங் பண்ணாத" என்கிறார்கள். உங்களை நேரில் பார்த்தே இராதவர்கள் அவர்கள். இதைச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை.

பண்ணைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். டிராக்டர் என்ற பெயரை எந்த மனிதரும் வைக்கவில்லை. அந்தச் சுருதி வரம்பில் அந்நிய இரைச்சல் வந்தால் நிரலே அப்படிக் குறித்துக்கொள்கிறது. கடிதத்தையும் அதுவே தயாரிக்கிறது. நான் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒதுக்கிய பதிவுகளைக் கேட்க முடியாது. கம்பத்தின் அருகே யாராவது பேசியிருந்தால் அந்தப் பேச்சும் அதில் இருக்கும். தரவுப் பாதுகாப்பு அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் எவரும் அவற்றைக் காதில் வாங்கக் கூடாது. விதி உங்கள் காலத்திலேயே வந்ததுதான். காலாண்டு முடிந்ததும், அதாவது மார்ச் கடைசியில், சென்ற ஆண்டின் ஒதுக்கல்கள் எல்லாம் தாமே அழிந்துவிடும்.

ரம்பத்தைப் பற்றி: நாங்கள் கணக்கிடுவது ஓர் ஆண்டின் சராசரியை. எத்தனையோ ஆயிரம் விமானங்களுக்கு நடுவே ஓர் எஞ்சினின் கோணல் அந்தச் சராசரியை அசைக்காது. சீவெர்ட் அந்தப் பகுதியை நீக்கியதில் அறிவியல் தவறு எதுவும் இல்லை. உங்கள் பெயரையும் சேர்த்து நீக்கியது வேறு விஷயம். அதை அப்போதே சொன்னேன், நீங்கள்தான் கேட்கும் நிலையில் இல்லை.

கெசீனா டோர்மேலன்

பின்குறிப்பு: ஒரே விமானம்தான் என்று எதை வைத்து அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?


23 பிப்ரவரி 2018

கெசீனா,

உன் கடிதத்தில் பின்குறிப்பு மட்டும்தான் நீ எழுதியது. மற்றது அலுவலகம் எழுதியது. ஆகவே பின்குறிப்புக்குப் பதில் சொல்கிறேன்.

உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. விமானம் மேலேறும்போது எஞ்சினின் முன்விசிறித் தகடுகளின் நுனி ஒலியைவிட வேகமாகச் சுற்றுகிறது. ஒவ்வொரு தகடும் தனக்கென்று ஓர் அதிர்ச்சி அலையைத் தள்ளிவிடுகிறது. தகடுகள் எல்லாம் அச்சில் வார்த்தது போல இருந்தால் ஒரே சுருதிதான் கேட்கும். அப்படி இருப்பதில்லை. ஒன்று மயிரிழை சாய்ந்திருக்கும், ஒன்று நிமிர்ந்திருக்கும். அதனால்தான் மரம் அறுப்பதைப் போன்ற அந்தக் கரகரப்பு. எந்த இரண்டு எஞ்சினுக்கும் அது ஒன்றாக இருக்காது. இதைக் கண்டுபிடித்தவன் நான் இல்லை, ஆனால் இதைக் கணக்காக்கியவன் நான்.

வாலில் பச்சை மீன் வரைந்த விடுமுறை விமானம். சனிக்கிழமை காலை கனேரித் தீவுகளுக்குப் போகிறது. ஆப்பிள் மரத்தடியில் தொலைநோக்கியோடு நிற்கிறேன். சரி, சிரி. உன் இளம் ஆட்களிடமும் சொல். பதிவெண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறேன். எத்தனையோ விமானம் போகிறது, இது ஒன்றில்தான் அந்தச் சத்தம். ஓர் எஞ்சினில், ஒரு பல்.

இப்போது நீ நினைத்துக்கொண்டிருப்பதை நானே எழுதிவிடுகிறேன். பழைய சோதனைக் கூடம். சோதனை மேடையில் எஞ்சின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நீ காதுபேசியைக் கழற்றிவிட்டுச் சொன்னாய், "ஹார்ட்முட், ஒரு பல் கோணலா இருக்கு. நேத்து இப்படி இல்ல." நான் சீவெர்ட்டைப் பார்த்தேன். அவர் திரையைக் காட்டி, "அளவு கணிப்போட பொருந்துதே. ஓட்டுங்க" என்றார். ஓட்டினோம். அந்தத் தகடு இரும்பு உறையைக் கிழித்துக்கொண்டு கட்டுப்பாட்டு அறைச் சுவருக்குள் நுழைந்தது. உன் நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை அகலம்தான் இருந்தது. உன் இடது காது அன்றைக்குப் போயிற்று. விசாரணை அறிக்கையில் உலோகச் சோர்வு என்று எழுதினார்கள். நீ சொன்னது எங்கும் எழுதப்படவில்லை. நீ அதற்குப் பிறகும் அவரிடமே வேலை பார்க்கிறாய். அதை நான் ஒருபோதும் புரிந்துகொண்டதில்லை.

எனக்குத் தெரியாததையும் சொல்கிறேன். என் தோட்டத்து ஒலிவாங்கியைக் கிறிஸ்துமஸுக்குத்தான் வாங்கினேன். ஒரு பல் கோணல் என்பதை மட்டும் அது காட்டுகிறது. கோணல் ஆபத்தில்லை. ஒரு பறவை மோதினாலும் கோணும், பிறகு அப்படியே ஆண்டுக்கணக்கில் ஓடும். கோணல் வளர்கிறதா என்பதுதான் கேள்வி. வளர்ந்தால் தகட்டின் வேரில் விரிசல். அதைச் சொல்ல இலையுதிர்காலத்துச் சத்தம் வேண்டும். அது உன் குப்பைக்கூடையில் டிராக்டர் என்ற பெயரில் கிடக்கிறது, மார்ச் கடைசிவரை.

டாக்டர் ஹார்ட்முட் வீப்கிங்
வானம்பாடி நிரலின் ஆசிரியர்


4 மார்ச் 2018

ஹார்ட்முட்,

கேட்டேன்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் கிளம்பிய பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு, வலது காதில். இந்த அறையில் இத்தனை ஆண்டுகளாகப் பதிவுகளைக் கண்ணால்தான் பார்த்துவருகிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. திரையில் எல்லாம் ஒரே மேடு, ஒரே பள்ளம். அக்டோபர் பதிவில் அந்தக் கோணலைத் தேட வேண்டியிருந்தது. டிசம்பரில் தேட வேண்டியிருக்கவில்லை. ஜனவரிப் பதிவை முழுதும் கேட்க என்னால் முடியவில்லை. கை தானாகவே நாற்காலியைச் சுவரிலிருந்து நகர்த்திவிட்டது.

ஒரு பதிவில் உன் ஹின்னெர்க் ஒரு பசுவிடம் தன் மாமியாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். சட்டப்படி நான் அதை மறந்தாக வேண்டும். முயற்சி செய்கிறேன்.

நேற்று சனிக்கிழமை என்றும் பாராமல் சீவெர்ட்டின் வீட்டுக்குப் போனேன். ரோஜாச் செடிகளுக்குக் குளிர் தாக்காமல் வைக்கோல் சுற்றிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை திரும்பவே இல்லை.

"இதை முதல்ல யார் சொன்னது?"

"பதிவு சொல்லுது, பேராசிரியர்."

"பதிவு வாய் திறந்து பேசாது, கெசீனா. ஒதுக்கின பதிவை நீயா போய்க் கேக்க மாட்ட. யார் கேக்கச் சொன்னது?"

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"வீப்கிங்கா? அவன் என் செத்த வீட்டுக்கு வந்தாலும் சவப்பெட்டியோட அளவு தப்புன்னு மனு கொடுப்பான்."

"அவர் சொன்னதுங்கிறதாலயே பொய் ஆயிடுமா?"

"ராத்திரி விமானங்களுக்கு அனுமதி தர்றதப் பத்தின விசாரணை இந்த மாசக் கடைசியில. ஒதுக்கினதுல ஒண்ணைத் திரும்ப எடுத்தா எல்லாத்தையும் திரும்ப எடுக்கணும். வக்கீலுங்க சும்மா விடுவாங்களா? நம்ம வேலை சத்தத்தை அளக்கிறது. எஞ்சினைப் பாத்துக்க வேற ஆளு இருக்காங்க. வீட்டுக்குப் போ."

அவர் சொன்னதில் ஒன்று சரி, பதிவு வாய் திறந்து பேசாது. என் ஒற்றைக் காதும் சாட்சி ஆகாது. சத்தத்திலிருந்து தகட்டுக்குப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும், எந்தத் தகடு, எவ்வளவு, எந்த வேகத்தில் என்று. அதைச் செய்யக்கூடியது உன் ரம்பப் பகுதி ஒன்றுதான். நிறுவனத்தில் இருந்த பிரதிகளை சீவெர்ட் அழிக்கச் சொல்லிவிட்டார். உன்னிடம் ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒப்பந்தப்படி இருக்கக் கூடாது, ஆனால் இருக்கிறது. அதை அனுப்பு. வேறு யாருக்கும் எழுதாதே, உன்னை மன்றாடிக் கேட்கிறேன். அனுப்பு.

கெசீனா


8 மார்ச் 2018

கெசீனா,

அப்படியானால் நான் சொன்னது சரி. உன் கடிதத்தில் அந்த வாக்கியத்தைத் தேடினேன், காணோம்.

விமான நிறுவனத்துக்கு நானே தொலைபேசினேன். எழுதாதே என்றுதானே சொன்னாய். ஒரு பெண் எடுத்தாள். எஞ்சினில் கோளாறு என்றேன்.

"எந்த விமானத்துல பயணம் பண்ணீங்க, சார்?"

"நான் பயணம் பண்ணல. எங்க வீட்டு மேல போகுது."

"அப்ப இரைச்சல் புகார்."

"இரைச்சல் இல்லம்மா, எஞ்சின். எஞ்சின் சரியில்ல."

"சத்தம் வருதுன்னுதானே சொல்றீங்க? புகார் எண் தர்றேன், எழுதிக்குங்க. உங்க பேரு?"

சொன்னேன். மறுமுனையில் யாரிடமோ, ரிசீவரைக் கையால் மூடாமலே, "அவருதான்" என்றாள். மறுநாள் தபாலில் ஒரு கையேடு வந்தது: இரட்டைக் கண்ணாடிச் சன்னல்களுக்கு உதவித்தொகை பெறுவது எப்படி.

இனி நிரலைப் பற்றி. ஆம், இருக்கிறது. தருகிறேன். மூன்று காரியம் நடக்க வேண்டும். வானம்பாடியின் விளக்க நூலில் முதல் பக்கத்தில் என் பெயர் திரும்ப வர வேண்டும். என் பெயரை விட்டுவிட்டு வெளியான வானம்பாடி ஆய்வுக் கட்டுரைக்குத் திருத்தம் வெளியிட வேண்டும். சீவெர்ட் ஒரு வரி எழுத வேண்டும், தன் கையால்: ரம்பப் பகுதியை நீக்கியது தவறு. இந்த மூன்றும் வந்த அன்றே நிரல் உன் கைக்கு வரும்.

இதை நீ எப்படிப் படிப்பாய் என்று தெரியும். ஆனால் யோசித்துப் பார். என் பெயரை வெட்டியதால் அல்லவா அந்தப் பகுதி அநாதையாயிற்று? ஆசிரியன் இருந்திருந்தால் அதை நீக்க ஒருவர் தயங்கியிருப்பார். அந்த விமானம் டிராக்டர் ஆனது அங்கேதான். ஆகவே நான் கேட்பது எனக்காக மட்டும் என்று நினைக்காதே.

மூன்றாம் தேதி அது போனபோது மரத்தடியில் இருந்தேன். முன்பெல்லாம் என் கொட்டகையைத் தாண்டியதும் அந்தக் கரகரப்பு மங்கிவிடும். இந்தமுறை காட்டின் விளிம்புவரை கூடவே போயிற்று.

டாக்டர் ஹார்ட்முட் வீப்கிங்
வானம்பாடி நிரலின் ஆசிரியர்


12 மார்ச் 2018

ஹார்ட்முட்,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். ஒரு விமானம் நிறைய மனிதர்களை வைத்துக்கொண்டு ஒரு விளக்க நூலின் முதல் பக்கத்துக்குப் பேரம் பேசுகிறாய். சீவெர்ட்டைக்கூட என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அவர் கேட்க மறுத்தார். நீ கேட்டுவிட்டுப் பேரம் பேசுகிறாய்.

நீ காத்திருக்கும்போது நான் சும்மா இருக்கவில்லை. விமான நிறுவனத்தின் பராமரிப்பு மேலாளரை நேரில் பார்த்தேன். நல்ல மனிதர். தேநீர் கொடுத்தார், கற்கண்டுகூட இரண்டு போட்டார். ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். பாதிவரை கவனமாகப் படித்தார்.

"இதை முதல்ல கவனிச்சது நீங்களா, மேடம்?"

பொய் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வரவில்லை.

"எங்க பழைய சக ஊழியர் ஒருத்தர். அங்க பக்கத்துலயே குடியிருக்கார்."

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு தடித்த கோப்பை எடுத்தார். அதன் முதுகில் உன் பெயர் ஒட்டியிருந்தது. துளை போடும் கருவியால் என் பக்கத்தில் இரண்டு துளை போட்டார். கோப்பைத் திறந்து, உன்னுடைய சன்னல், தூக்கம், ஆப்பிள் மரம் எல்லாவற்றுக்கும் மேலே என் பக்கத்தைச் செருகி மூடினார். எவ்வளவு மரியாதையாகச் செய்தார் தெரியுமா? விமான நிலையத்திலும் அப்படி ஒரு கோப்பு இருக்கிறதாம். அமைச்சகத்திலும். "எங்க எல்லாருக்கும் ஒண்ணு இருக்கு" என்று சிரித்தார்.

வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, வழக்கமான பரிசோதனையில் டார்ச் அடித்துப் பார்த்ததாகவும் தகடுகள் கண்ணாடி மாதிரி இருப்பதாகவும் சொன்னார். வேர் வெளியே தெரியாது, தகட்டைக் கழற்றினால்தான் பார்க்க முடியும் என்றேன். அதற்கு ஒரு காரணம் வேண்டும், மேடம் என்றார். காரணம் அந்தக் கோப்புக்குள் இருந்தது.

இன்று காலை என் நுழைவு அட்டை கதவைத் திறக்கவில்லை. சீவெர்ட் விடுப்பு என்று சொல்கிறார். ஒதுக்கிய பதிவுகளை அனுமதியின்றிக் கேட்டதற்கு.

இதோடு இருப்பது ஒரு யூஎஸ்பி நினைவுக்குச்சி. அக்டோபரிலிருந்து பிப்ரவரிவரை அந்த விமானத்தின் எல்லாப் பதிவும் அதில் இருக்கிறது. வெள்ளிக்கிழமையே, அட்டை வேலை செய்தபோதே, எடுத்துவிட்டேன். இனி சத்தமும் உன்னிடம், கணக்கும் உன்னிடம். என்னிடம் ஒன்றும் இல்லை. உன் மூன்று நிபந்தனைகளில் ஒன்றைக்கூட நான் நிறைவேற்ற முடியாது. உன் பெயரை இனி எங்கே எழுதினாலும் அது எதையும் திறக்காது, ஹார்ட்முட். அது மூடும். அந்தத் துளைக்கருவியின் சத்தம் இன்னும் என் நல்ல காதில் இருக்கிறது.

சனிக்கிழமை அது மறுபடி போகிறது. நீ மரத்தடியில் நிற்பாய் என்று நினைக்கிறேன்.

கெசீனா


15 மார்ச் 2018, வியாழன்

கெசீனா,

குச்சி செவ்வாய்க்கிழமை வந்தது. அன்று மாலை அதைத் தொடவில்லை. உன்மேல் கோபமாக இருந்தேன். என் வழக்கம் உனக்குத் தெரியும், முதலில் பதில் எழுதுவேன். நான்கு பக்கம் எழுதினேன். சீவெர்ட்டைப் பற்றி மூன்று, உன்னைப் பற்றி ஒன்று. பிறகு அந்தக் கடிதம் போய்ச் சேரும் கோப்பு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அடுப்பில் போட்டேன்.

நேற்று முழுதும் கணக்கு ஓடியது. பழைய நிரல், பழைய கணினி. முடிவு உனக்குத் தெரிய வேண்டும், கோணல் வளர்வதை முதலில் கேட்டவள் நீதான், இரண்டு முறையும்.

ஒரே தகடு. வலது எஞ்சின். முழு வேகத்தில் சுற்றும்போது எல்லாத் தகடும் கொஞ்சம் முறுக்கு அவிழும், அது இயல்பு. இது மற்றவற்றைவிட அதிகமாக அவிழ்கிறது. அக்டோபரில் அந்த வித்தியாசம் அளவுப் பிழைக்குள் இருந்தது. அதன் பிறகு கூடிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரே சீராகக் கூடியிருந்தால்கூட மனம் கொஞ்சம் ஆறும். கோடு வளைகிறது, கெசீனா. பிப்ரவரியில் செங்குத்தாகத் திரும்புகிறது. சோதனைக் கூடத்துக் கோட்டையும் அதன்மேல் வைத்துப் பார்த்தேன். அதை நான் எறியவில்லை, எதையும் எறிந்ததில்லை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. சோதனைக் கூடத்துக் கோடு எங்கே நின்றுபோகிறது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இது அந்த இடத்துக்கு அருகில் வந்துவிட்டது. எவ்வளவு அருகில் என்று சொல்ல என் கணக்கால் முடியாது. ஒரு பயணமாக இருக்கலாம், இருபதாகவும் இருக்கலாம்.

விமானப் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு பக்கம் எழுதினேன். சராசரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, சீவெர்ட்டைப் பற்றி இல்லை, என் சன்னலைப் பற்றி இல்லை. பதிவெண், எஞ்சின், கோடு, எந்தத் தகட்டைக் கழற்றி எங்கே பார்க்க வேண்டும் என்பது. பதிவுகளையும் நிரலையும் சேர்த்து வைத்தேன், அவர்களே ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம். நான் எழுதியதிலேயே சிறிய கடிதம் அதுதான். கீழே என் பெயரை எழுதினேன், பட்டத்தோடு. எழுதியதும் காதில் அந்தத் துளைக்கருவியைக் கேட்டேன். நான் அதைப் பார்த்ததே இல்லை, இருந்தாலும் கேட்டேன்.

பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன், பெயர் இல்லாமல்.

பிறகுதான் நினைவு வந்தது. நிரலின் ஒவ்வொரு கோப்பிலும் முதல் வரி நான். எழுதியவர்: ஹார்ட்முட் வீப்கிங். சீவெர்ட் அழித்தபோது நிறுவனத்தின் பிரதியில்தான் அழிந்தது. என் பிரதியில் அந்த வரி இத்தனை ஆண்டுகள் பத்திரமாக இருந்தது. அதற்காகத்தானே வழக்குப் போட்டேன், வேலையை விட்டேன். என் மனைவி இலோனா என்னை விட்டுப் போனபோது, "அந்த ஒரு வரியோடயே குடும்பம் நடத்து" என்று சொல்லிவிட்டுப் போனாள். உட்கார்ந்து ஒவ்வொரு கோப்பாகத் திறந்து அழித்தேன். அவர் ஒரே கட்டளையில் செய்ததை நான் ஒவ்வொன்றாகச் செய்தேன். கடைசிக் கோப்பில் விரல் கொஞ்ச நேரம் நின்றது, மறைக்க மாட்டேன். உன் பெயரும் அதில் எங்கும் இல்லை. பார்த்துவிட்டேன்.

காலையில் அஞ்சலகத்துக்குப் போய் விசாரித்தேன். விரைவுத் தபால் நாளைக் காலையே சேரும், ஆனால் அனுப்புநரின் பெயர் கட்டாயம் என்றாள் அந்தப் பெண். சும்மா ஒரு பொய்ப் பெயரைப் போடலாம்தான். பொய் என்று தெரிந்த நிமிடமே மற்றதையும் நம்ப மாட்டார்கள்.

"சாதாரணத் தபால்னா?" என்றேன்.

"நாளைக்குச் சேந்துடும். பெரும்பாலும்."

"பெரும்பாலும்னா?"

"பெரும்பாலும்னா பெரும்பாலும்தான், சார்."

திரும்பி வரும்போது ஹின்னெர்க் வேலியருகே நின்றார். பட்டறையிலிருந்து டிராக்டர் வந்துவிட்டது. புதுச் சாயம்கூட அடித்திருக்கிறார்.

"இனிமே தைரியமா எழுதச் சொல்லுங்க டாக்டரே, இப்ப நெசமாவே சத்தம் போடுவேன்," என்றார். பிறகு என் கையிலிருந்த தடித்த உறையைப் பார்த்தார். "மறுபடி புகாரா?"

"இல்ல."

"பின்ன என்ன, யாரையாவது மெரட்டுறீங்களா? பேரே காணோம் மேல."

உறையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டேன். அவர் தொப்பியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். அங்கே எதுவும் இல்லை.

"சனிக்கிழம மாடுங்களைக் கீழ வயலுக்கு ஓட்டிடவா?" என்று கேட்டார். அவரிடம் நான் எதையும் சொன்னதில்லை.

"ஓட்டிடுங்க," என்றேன்.

நான்காம் பத்திக்குப் பயந்து பெயரை மறைத்தான் என்று ஒருநாள் யாராவது சொல்வார்கள். சீவெர்ட் நிச்சயம் சொல்வார். சொல்லட்டும். நாளை அந்த உறை ஆணையத்தின் ஒரு மேசைக்கு வரும். பிரிப்பவர், அனுப்பியவர் யார் என்று புரட்டிப் பார்ப்பார், கிடைக்காது. அதைச் செருகுவதற்கு ஒரு கோப்பும் கிடைக்காது. அப்போது அவருக்குச் செய்வதற்கு ஒன்றுதான் மிச்சமிருக்கும், படிப்பது. நாளை வெள்ளிக்கிழமை, மதியத்தோடு பாதி அலுவலகம் கிளம்பிவிடும். அதற்குள் அவர் படிக்க வேண்டும்.

மூலைத் தபால்பெட்டியை ஐந்து மணிக்குக் காலி செய்கிறார்கள். வண்டி வரும் நேரமாகிவிட்டது. இரண்டு உறைகளையும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன், உன்னுடையதையும் அவர்களுடையதையும். கடைசியாக ஒரு முறை அவர்களுடைய பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். கீழே பாதித் தாள் வெறுமையாக இருக்கிறது, கையெழுத்துக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. அப்படியே மடித்து ஒட்டிவிட்டேன். அப்படியே போடப்போகிறேன்.